குழுவில் வாதம் செய்யலாம், உறவும் கெடாது: மதம், காதல், பணம், நாட்டு நடப்பு பேச ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கல் வாழ்த்தோடு ஆரம்பித்த குடும்ப வாட்ஸ்அப் குழு, தேர்தல் மாதம் முடிவதற்குள் இரண்டு மாமாக்கள் வெளியேறி, மிச்சமிருப்பவர்கள் காலை வணக்கம் மட்டும் போடும் இடமாக மாறிவிடுவது பல வீடுகளில் நடந்திருக்கிறது. பள்ளி நண்பர்கள் குழுவிலும் இதே கதைதான். கடைசியில் அட்மின் ஒரு விதி போடுகிறார்: "இனி இங்கே மதம், அரசியல் பேசக்கூடாது."

எனக்கு அந்த விதியில் உடன்பாடு இல்லை. நம் எண்ணத்துக்கு நேர் எதிராக நினைக்கிற ஒருவர், அப்படி இருந்தும் நாம் அழைத்தால் ஃபோனை எடுக்கிறார், வீட்டு விசேஷத்துக்கு வந்து பந்தியில் பக்கத்தில் உட்காருகிறார் என்றால், அவர் பெரும்பாலும் இந்தக் குழுக்களில்தான் இருப்பார். முகம் தெரியாதவர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடுவார். பெரியப்பா அப்படிப் போக முடியாது, நாமும் போக முடியாது. அவரோடு பேசும் வழியையும் அடைத்துவிட்டால், அவரவர் சேனலை அவரவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகவே இது, பேசவும் வேண்டும், உறவும் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக எழுதியது.

முதல் படி: கேள்வி எது என்று பிரித்துப் பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. அதனால் இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுக்கிறேன்.

சித்தப்பா ஒருவர் குழுவில் எழுதுகிறார்: "இந்தக் காலத்து லவ் மேரேஜ் எல்லாம் கோர்ட்டுலதான் போய் முடியுது." உடனே இளையவர்கள் பாய்கிறார்கள். ஒருவர் கோபிகா அக்கா, முரளி மாமா என்று நன்றாக வாழும் ஜோடிகளை வரிசையாக அடுக்குகிறார். இன்னொருவர், "உங்க காலத்துல பொண்ணுங்க வாயைத் திறக்க முடிஞ்சுதா?" என்கிறார். மூன்றாமவர் சிரிப்பு ஸ்டிக்கர் போடுகிறார். இருபது செய்தி தாண்டியபின் யார் எதை மறுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஒரு வரிக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தகவல்: காதல் கல்யாணங்கள் அதிகமாக முறிகின்றனவா? இரண்டு, நியாயம்: யாரைக் கல்யாணம் செய்வது என்று முடிவெடுப்பது யார், பிள்ளையா, பெற்றவர்களா? மூன்று, மனவருத்தம்: சித்தப்பாவுக்கு அவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏதோ நடந்திருக்கலாம்.

தகவலுக்குத் தகவலால்தான் பதில் சொல்ல முடியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். மணமானவர்களோடு ஒப்பிட்டால் இது 0.24 சதவீதம். விவாகரத்து வாங்காமல் பிரிந்து வாழ்கிறவர்கள் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு யாரிடமும் "காதல் கல்யாணமா, வீட்டில் பார்த்ததா?" என்று கேட்கவில்லை. எனவே சித்தப்பா சொன்னதை இந்த எண்ணை வைத்து நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அவர் 2023 மே மாதச் செய்தி ஒன்றைக் காட்டலாம். விவாகரத்துகளில் பெரும்பாலானவை காதல் திருமணங்களிலிருந்தே வருகின்றன என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அப்போது சொன்னது உண்மை. ஆனால் அது ஒரு தம்பதியின் வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்ட மனு விசாரணையில் வாய்மொழியாகச் சொன்னது. தீர்ப்பில் எழுதப்பட்டது இல்லை, ஆய்வின் முடிவும் இல்லை. இந்த வேறுபாட்டை மரியாதையாக எடுத்துச் சொன்னால் சித்தப்பாவும் கேட்பார்.

நியாயம் பற்றிய கேள்வியை எந்த எண்ணும் தீர்க்காது. "விவாகரத்து அதிகமானாலும் சரி, முடிவு என் கையில் இருக்க வேண்டும்" என்று ஒருவர் நினைக்கலாம். அதற்கு அவர் காரணம் சொல்ல வேண்டும், புள்ளிவிவரத்தின் பின்னால் நின்று வாதாடக் கூடாது. மூன்றாவதான மனவருத்தத்துக்கோ குழுவில் பதிலே கிடையாது. அதற்குத் தனியாக ஃபோன் செய்ய வேண்டும்.

பதில் எழுதும் முன் ஒரு வரி கேட்டுப் பாருங்கள். "சித்தப்பா, நிறைய முறியுதுன்னு சொல்றீங்களா, இல்ல பெரியவங்க பார்த்து வைக்கிறதுதான் சரின்னு சொல்றீங்களா?" பாதி நேரம் அவரே, "ரெண்டாவதுதான்பா" என்பார். அதோடு விவாகரத்துக் கணக்கு பற்றிய சண்டைக்கு வேலை இல்லாமல் போகிறது.

இரண்டாம் படி: சத்தம் போடாமல் படிக்கிறவர்களை நினையுங்கள்

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். வாதம் செய்கிறவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள், ஒன்றும் சொல்வதில்லை. அவர்களில் வேறு சாதிப் பையனைக் காதலிக்கும் அத்தை பெண் இருக்கலாம். மதம் மாறியதை இன்னும் வீட்டில் சொல்லாத தம்பி இருக்கலாம். கடன் கழுத்தை நெரிப்பதை யாரிடமும் சொல்லாத மச்சான் இருக்கலாம். நீங்கள் மாமாவை மடக்குவதற்காக எழுதும் ஒரு வரி, இவர்களுக்கு "இந்த வீட்டில் நமக்கு இடம் உண்டா, இல்லையா" என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஸ்கிரீன்ஷாட்டையும் மறக்கக் கூடாது. குழுவில் எழுதியது குழுவோடு நிற்கும் என்று நம்பி எதையும் எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: மதம் பேசும்போது மூன்று பெட்டி

மத வாதம் சூடாவதற்குக் காரணம், நம்பிக்கை, நிர்வாகம், மனிதர்கள் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுவது. மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

நம்பிக்கையைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதைக் குழுவில் யாரும் முடித்துக் காட்டியதில்லை. "உங்களுக்கு அது என்ன தருது?" என்று கேட்டால் நல்ல உரையாடல் கிடைக்கும். "அதெப்படி நம்புறீங்க?" என்று கேட்டால் சண்டை கிடைக்கும்.

நிர்வாகம் வேறு. அதில் சட்டம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, தாராளமாக வாதாடலாம். நம்மூர்க் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் வரியையே எடுத்துக்கொள்வோம்: "கோயிலை மட்டும் அரசு வச்சிருக்கு, மசூதியையும் சர்ச்சையும் தொடுறதே இல்ல."

இதை இரண்டு பக்கமும் அரைகுறையாகத்தான் பேசுகிறார்கள். கோயில் சொத்துகளைக் கண்காணிக்கும் வாரியம் 1920-களில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் வந்தது. 1951-ல் புதுச் சட்டம் வந்தது. 1954-ல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைச் செல்லாது என்றது. பிறகு வந்ததுதான் இப்போது நடைமுறையில் இருக்கும் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம். தமிழ்நாட்டில் 36,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இதன் கீழ் இருக்கின்றன. கோயில் வருமானத்தில் 12 சதவீதம் வரை நிர்வாகக் கட்டணமும் 4 சதவீதம் வரை தணிக்கைக் கட்டணமும் அரசின் அறநிலையத் துறைக்குப் போகின்றன. அதனால் "உண்டியல் பணம் எல்லாம் அரசு கஜானாவுக்குப் போகிறது" என்பது தவறு. "ஒரு பைசாகூடப் போவதில்லை" என்பதும் தவறு.

அடுத்தது மற்ற மதங்கள். வக்பு சொத்துகளுக்கு, அதாவது இஸ்லாமிய அறக்கொடையாக எழுதிவைத்த சொத்துகளுக்கு, 1995-ஆம் ஆண்டு வக்பு சட்டம் இருக்கிறது. மாநில வக்பு வாரியம் அரசு சட்டத்தால் அமைந்ததுதான். வக்பு நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 7 சதவீதம் வரை வாரியத்துக்குச் செலுத்த வேண்டியிருந்தது, 2025 திருத்தம் அதை 5 ஆகக் குறைத்தது. ஆகவே "தொடுறதே இல்ல" என்பதும் சரியில்லை. தேவாலயங்களுக்கு அப்படி ஒரு வாரியம் இல்லை, அவை அறக்கட்டளை, சங்கம் போன்ற அமைப்புகளாக இயங்குகின்றன. கோயிலில் செயல் அலுவலரை நியமிக்கும் அளவுக்கு அரசின் கை நீள்வது உண்மை. ஒரு பக்கம் அதைச் சொல்லலாம். கோயில்களின் நிலமும் கட்டுப்பாடும் ஒரு சில சாதிகளின் கையில் இருந்ததால்தான் அரசு உள்ளே வந்தது என்று மறுபக்கம் சொல்லலாம். இரண்டும் பேசத் தகுந்த வாதங்கள். அரசியல் சாசனத்தின் 25, 26-ஆம் பிரிவுகளே வழிபாட்டு உரிமையையும் சொல்கின்றன, மதத்தோடு சேர்ந்த பொருளாதார நடவடிக்கைகளை அரசு முறைப்படுத்தலாம் என்றும் சொல்கின்றன. இழுபறி அங்கேயே இருக்கிறது.

இவ்வளவும் குழுவில் எழுத வேண்டியதில்லை. "மாமா, எவ்வளவு சதவீதம் போகுதுன்னு முதல்ல பாத்துருவோம், அப்புறம் அது நியாயமான்னு பேசுவோம்" என்றால் போதும்.

மூன்றாவது பெட்டி மனிதர்கள். "அவங்க எல்லாம் அப்படித்தான்" என்று ஒரு மதத்தாரையோ சாதியாரையோ மொத்தமாகச் சொல்லும் வரியில் வாதிட எதுவும் இல்லை. அங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை, நீங்களும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கோபப்படாமல் ஒரே வரியில் முடித்துவிடுங்கள்: "அண்ணே, நம்ம ரஹீம் பாயும் இதுல சேர்த்தியா?" பெயர் தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் "எல்லாரும்" என்ற சொல் தானாகச் சுருங்கிவிடும். அந்தப் பெயருக்குரியவர் அதே குழுவில் இருந்தால் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். அவரைக் காட்சிப்பொருள் ஆக்கியதாக ஆகிவிடும்.

ஒரு மதத்தாரின் நம்பிக்கையை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவும், சமூகங்களுக்கிடையே பகை வளர்த்தால் 196-ஆம் பிரிவும் பாயும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, 153ஏ பிரிவுகளின் இடத்தில் 2024 ஜூலை முதல் இவை வந்திருக்கின்றன. கைப்பேசியில் எழுதியதுதானே என்ற சலுகை இதில் கிடையாது.

நான்காம் படி: காதல், கல்யாணம் பற்றிப் பேசும்போது

மற்ற மூன்று தலைப்பும் வெளி உலகத்தைப் பற்றியது. இது குழுவில் இருப்பவர்களைப் பற்றியது. அதனால் இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: சொந்தக்காரர் யாரையும் உதாரணமாகக் காட்டக் கூடாது, நல்ல உதாரணமாகக்கூட. "கோபிகா அக்காவைப் பாருங்க" என்றால், நாளை கோபிகா அக்கா வீட்டில் ஒரு மனஸ்தாபம் வரும்போது அது குழுவின் சொத்தாகிவிடும்.

சட்டம் பற்றித் தவறாகப் பரவும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வாதம் குறையும்.

"பெண்ணுக்குக் கல்யாண வயசு 21 ஆக்கிட்டாங்க" என்று இப்போதும் சிலர் அனுப்புகிறார்கள். 2021 டிசம்பரில் மசோதா வந்தது உண்மை. அது நிறைவேறவில்லை, 2024-ல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பதே நடப்பு.

"கல்யாணம் ஆகாம சேர்ந்து வாழ்றது சட்டப்படி குற்றம்" என்பதும் தவறு. இதில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. 2005-ல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு பேட்டியில் சொன்ன கருத்துக்காக அவர் மீது மாநிலம் முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள் போடப்பட்டன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றை எல்லாம் ரத்து செய்தது. வயது வந்த இருவர் விருப்பப்பட்டுச் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்றும், பலருக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னதற்காக வழக்குப் போட முடியாது என்றும் அந்தத் தீர்ப்பிலிருந்து தெளிவாகிறது. அப்படி வாழ்வது ஒழுக்கமா என்று உங்கள் அத்தை கேட்டால் அது வேறு கேள்வி. அதற்கு உச்ச நீதிமன்றத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். சட்டத்தில் குற்றமில்லை என்பதால் அத்தைக்குப் பிடித்தாக வேண்டும் என்று இல்லை.

"அய்யர் வரலைன்னா கல்யாணமே இல்ல" என்பாரும் உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் முழுமையாகச் செல்லும். மதம் மாறாமல் வேறு மதத்தவரை மணக்க 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் முன்னறிவிப்பு ஒட்டுவார்கள். இந்த முன்னறிவிப்பு ஜோடிகளுக்குப் பாதுகாப்பா, ஆபத்தா என்பது உண்மையில் நல்ல விவாதம். ஒருமுறை இதைக் குழுவில் போட்டுப் பாருங்கள். வழக்கமாக எதிரெதிர் அணியில் இருப்பவர்கள் இதில் இடம் மாறி நிற்பார்கள்.

சாதி மறுப்புக் கல்யாணம் பற்றிய நக்கல்களைச் சிரித்துக் கடந்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் கடக்க மாட்டேன். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்தது, வேறு சாதிப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டது மட்டும்தான். "நம்ம வீட்டுப் பொண்ணு அப்படிப் போனா வெட்டிருவேன்" என்று குழுவில் விளையாட்டாக எழுதும் அண்ணனுக்கு, அது விளையாட்டாகப் படவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். மற்ற விஷயங்களைத் தனியாகச் சொல்வது நல்லது. இதை மட்டும் பொதுவில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அத்தை பெண் அதைப் படிக்கிறாள்.

ஐந்தாம் படி: பொருளாதாரம், எண்ணை மேலும் கீழுமாகப் பார்ப்பது

பொருளாதார வாதத்தில் எல்லாரும் எண்ணோடு வருவார்கள். எண் வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எதை எதால் வகுத்தது? எந்த வருஷத்துக் கணக்கு?

எளிதான உதாரணத்திலிருந்து வருவோம். ஆகஸ்ட் 15 வந்தால் ஒரு ஃபார்வர்ட் வரும்: "1947-ல ஒரு ரூபாய் ஒரு டாலருக்குச் சமம்." அது உண்மையில்லை. அன்றைக்கு ரூபாய் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு பவுண்டுக்கு ரூ. 13.33, ஒரு பவுண்டு சுமார் 4.03 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு டாலர் ஏறக்குறைய ரூ. 3.30. 1949-ல் 4.76 ஆனது, 1966 ஜூனில் 7.50 ஆனது. இதைத் திருத்திய கையோடு இன்னொன்றும் சொல்லலாம். ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதை மட்டும் வைத்து ஒரு நாட்டின் பலத்தைச் சொல்ல முடியாது. ஒரு டாலருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய யென் கொடுக்க வேண்டும், அதனால் ஜப்பான் ஏழை நாடாகிவிடவில்லை. ரூபாய் எவ்வளவு வேகமாக விழுகிறது, அதனால் எண்ணெயும் இயந்திரமும் வாங்க எவ்வளவு அதிகம் செலவாகிறது என்பதே பேசத் தகுந்தது.

அடுத்தது கடினமானது. "நாம ஒரு ரூபா வரி கொடுத்தா டெல்லி 29 பைசாதான் திருப்பித் தருது." இந்த வரி ஒரு குழுவுக்கு வந்தால் அன்றைய இரவு தூக்கம் போச்சு. இதை எப்படிப் பிரிப்பது?

இந்த வகுத்தலில் மேலே இருப்பது மாநிலத்துக்குக் கிடைக்கும் மத்திய வரிப் பங்கு. கீழே இருப்பது மாநிலத்திலிருந்து வசூலான மத்திய வரி. கீழே இருப்பதில்தான் முதல் சிக்கல். ஒரு நிறுவனம் வருமான வரி கட்டுவது பெரும்பாலும் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில். மும்பையில் தலைமையகம் உள்ள வங்கி மதுரைக் கிளையில் சம்பாதித்த லாபத்துக்கான வரி மகாராஷ்டிரத்தின் கணக்கில் ஏறும். சென்னையில் தலைமையகம் வைத்து நாடு முழுக்க விற்கும் நிறுவனத்தின் வரி நம் கணக்கில் ஏறும். ஆகவே "நாம் கொடுத்தது" என்பது துல்லியமான எண் இல்லை. மேலே இருப்பதிலும் சிக்கல் உண்டு. மானியங்கள், மத்திய திட்டங்களின் பணம் ஆகியவற்றைச் சேர்ப்பதா, விடுவதா என்பதைப் பொறுத்து பைசா மாறும்.

இதைச் சொன்னதும், "அப்போ தமிழ்நாட்டுக்கு அநியாயமே நடக்கலையா?" என்று ஒருவர் கேட்பார். அங்கே உறுதியான எண்களைக் கொடுங்கள். மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 13-ஆம் நிதிக்குழுவில் மாநிலங்களின் பங்கில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.969 சதவீதம். 14-ஆம் நிதிக்குழுவில் அது 4.023 ஆகக் குறைந்தது. 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆம் நிதிக்குழுவில் 4.079. அதே பட்டியலில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058. காரணம் அந்த 15-ஆம் நிதிக்குழுவின் சூத்திரத்தில் இருந்தது. மொத்த மதிப்பெண்ணில் 45 சதவீதம், ஒரு மாநிலத்தின் தலா வருமானம் பணக்கார மாநிலங்களைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு. 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, காடு சுற்றுச்சூழலுக்கு 10. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, வரி வசூல் முயற்சிக்கு வெறும் 2.5. அதோடு, மத்திய அரசு வரிக்கு மேல் கூடுதலாக செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. பகிர்ந்தளிக்கும் 41 சதவீதம் என்பது அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகையில்தான்.

இங்கே வந்து நின்றதும் தகவல் சண்டை முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது நியாயம் பற்றிய கேள்வி: முன்னேறிய மாநிலம் பின்தங்கிய மாநிலத்துக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்? தமிழ்நாட்டுக்குள்ளேயே சென்னை, கோவை வரியில்தான் பல மாவட்டங்களுக்குச் சாலை போடுகிறோம் என்று ஒருவர் சொல்வார். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்கு இதுதான் பரிசா என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேரும் புத்திசாலிகள்தான், பேசட்டும். என் பார்வையில், செஸ் வசூல் பற்றிய குறை நிதிக்குழுச் சூத்திரம் பற்றிய குறையைவிட வலுவானது. அது எந்த ஏழை மாநிலத்துக்கும் நேராகப் பங்காகப் போவதில்லை.

இலவசம் பற்றிய வாதத்துக்கு ஒரே ஒரு யோசனை: "இலவசம்" என்று மொத்தமாகப் பேசாமல் ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். 1982-ல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோதும் பணம் வீணாகிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சத்துணவு, மகளிர் பேருந்துப் பயணம், மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை, இலவச மிக்ஸி நான்கையும் ஒரே தட்டில் வைத்து யாரும் நியாயமாகப் பேச முடியாது.

ஆறாம் படி: நாட்டு நடப்பு, முதலில் பொறுமை

2018 மே மாதம். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப் எங்கும் வதந்தி. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பக்கம் போனது. வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். அந்த வதந்தியை அனுப்பியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார்கள். "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்றுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி செய்தது.

2023 மார்ச்சில் இதே கதை வேறு வடிவில் வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் வீடியோக்கள் வடக்கே பரவின. திருப்பூரில் வேலை செய்தவர்கள் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது.

எனவே செய்தி பற்றி வாதம் செய்யும் முன்பு, அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது, சந்தேகத்தோடு தொடங்குங்கள். வீடியோவில் கடைப் பலகையின் மொழி, வண்டியின் நம்பர் பிளேட், போலீஸ் சீருடை ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலான பொய் இந்த மூன்றிலேயே மாட்டிக்கொள்ளும். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் அது ஏற்கெனவே எப்போது வந்தது என்று தெரியலாம். டிவி சேனல் பெயரில் வரும் நியூஸ் கார்டு என்றால் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துருவும் லோகோவும் அச்சு அசலாகப் போலி செய்யக்கூடியவை. தலைவர்களின் குரலில் வரும் ஆடியோவைப் பொறுத்தவரை, இப்போது யார் குரலையும் கணினியில் உருவாக்கிவிடலாம் என்பதால், காதை நம்பாமல் எங்கே, எந்தக் கூட்டத்தில் பேசியது என்று கேளுங்கள்.

டிவியில் வந்தது என்பதும் போதாது. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்புக்குப் பிறகு புது 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று சில சேனல்களே மணிக்கணக்கில் விளக்கின. சிப்பும் இல்லை, சிக்னலும் இல்லை. நம் தேசிய கீதத்துக்கு யுனெஸ்கோ "உலகின் சிறந்த கீதம்" விருது கொடுத்தது என்பதும் அதே வகைதான். யுனெஸ்கோ அப்படி ஒரு விருதே கொடுப்பதில்லை.

பொய் என்று தெரிந்துவிட்டால், அனுப்பியவரை எல்லார் முன்னாலும் கூனிக்குறுக வைக்காதீர்கள். முதலில் அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள்: "பெரியப்பா, அந்த வீடியோ பழசாம், வேற நாட்டுல எடுத்ததாம். நீங்களே குழுவுல ஒரு வார்த்தை போட்டுருங்களேன்." அவரே திருத்தினால் அவர் மரியாதையும் காப்பாற்றப்படும், பொய்ச் செய்தி பரவுவதும் நிற்கும். உயிருக்கு ஆபத்தான வதந்தி என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே குழுவிலேயே மறுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: எழுதும் விதம்

பாதிச் சண்டை எழுதும் விதத்தில் வருகிறது. யாருக்குப் பதில் சொல்கிறீர்களோ அவருடைய செய்தியை இழுத்து அதன் கீழ் எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பதில் நடுவில் வந்த அத்தையின் ரசப்பொடிக் குறிப்புக்குப் போய்விடும். ஒரு செய்தியில் ஒரு விஷயம் போதும். பெரியவர்களுக்கு எழுதும்போது "நீங்க சொல்றது தப்பு" என்பதைவிட "எனக்கு அது வேற மாதிரி தெரியுது மாமா" என்பது வேலை செய்யும். நண்பர்களிடம் "டேய்" போட்டுப் பேசுவது அன்பு, வாதம் முற்றிய நேரத்தில் அதே "டேய்" அடியாக விழும். சூடு ஏறும்போது எழுத்தை விட்டுவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், குரலில் நட்பு தெரியும். இரவு பதினோரு மணிக்கு மேல் எந்த வாதத்தையும் தொடராதீர்கள். மீம்ஸ் பதில் ஆகாது.

அடுத்தவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லிப் பார்ப்பதை மட்டும் விடாமல் செய்யுங்கள். "நீங்க சொல்றது இதுதானே?" என்று நீங்கள் எழுதியதை அவர் "ஆமா" என்று ஒத்துக்கொண்டபின் மறுத்து எழுதுங்கள். அவர் "இல்ல" என்றால், நீங்கள் அதுவரை வேறு ஏதோ ஒன்றை மறுக்கத் தயாராகிக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள்.

எட்டாம் படி: நிறுத்துவதும், அட்மின் வேலையும்

ஒரே வாதம் இரண்டாவது முறை அதே சொற்களில் வந்தால் நிறுத்திவிடலாம். "இதுல நாம ரெண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம்ணே, ஆனா நீங்க சொன்ன செஸ் விஷயம் எனக்குப் புதுசு" என்று எழுதுங்கள். எதிராளி சொன்னதில் உண்மையாகவே ஏற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லி முடிப்பது முக்கியம். பொய்யாக எதையும் ஏற்க வேண்டாம்.

அட்மின்களுக்கு: உறுப்பினர் எழுதியதற்கு, வெறும் அட்மினாக இருந்த காரணத்தால் மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அதனால் பயத்தில் எல்லாப் பேச்சையும் தடை செய்யத் தேவையில்லை. மிரட்டல், சாதி மத வசை, சரிபார்க்காத பீதிச் செய்தி, இந்த மூன்றையும் மட்டும் உடனே நீக்குங்கள், யார் போட்டிருந்தாலும். சூடான வாரங்களில், அட்மின் மட்டும் எழுதும்படி ஓர் இரவு மாற்றி வைத்துவிட்டுக் காலையில் திறந்துவிடலாம். வாதம் செய்யப் பிடித்தவர்களுக்கென்று தனியாக இன்னொரு குழு தொடங்குவது அதைவிட நல்லது. விசேஷத் தேதியும் இறப்புச் செய்தியும் பெரிய குழுவில் இருக்கட்டும்.

யாராவது கோபத்தில் குழுவைவிட்டு வெளியேறினால், அவரை உடனே திரும்பச் சேர்க்காதீர்கள். அன்றைக்கே யாராவது ஒருவர் ஃபோன் செய்து பேசுங்கள், வாதம் செய்த ஆளே செய்தால் இன்னும் நல்லது. குழுவைப் பற்றி எடுக்க வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைக்குக் கல்லூரி எப்போது திறக்கிறது என்று கேளுங்கள். அவர் கேட்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.